முடி யாருடையது? முடிவு யாருடையது?

(மூன்றாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் பிரிவு)



பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, இல்லை பூவாலும் தைலத்தாலும் வருகிறதா? இந்தச் சந்தேகம் ஒரு பாண்டிய மன்னனுக்கு வந்து, அதற்காக மதுரையில் பெரிய வழக்கே நடந்தது என்பது நாமெல்லாம் அறிந்த கதை. 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமியாக நாகேஷும், நக்கீரராக இயக்குநர் ஏ.பி. நாகராஜனும் அந்த வழக்கை நம் வீட்டுத் திண்ணைக்கே கொண்டு வந்துவிட்டார்கள். எதிரில் நிற்பது கடவுளே ஆனாலும் தன் கருத்தை விட்டுக்கொடுக்காமல் நின்றவர் நக்கீரர்.

நம் கேன்டீனிலும் ஒரு கூந்தல் வழக்கு ரொம்ப நாளாக நடக்கிறது. "நீளமான முடியைக் குட்டையா வெட்டிட்டா முடியோட தன்மையே மாறிடுமா?" என்பதுதான் வழக்கு. ஒரு கட்சி சொல்கிறது: "மாறும். வெட்ட வெட்டத்தான் மொத்தமா, அடர்த்தியா வளரும்." இன்னொரு கட்சி சொல்கிறது: "மாறும். பட்டு மாதிரி இருந்த முடி தேங்காய் நார் மாதிரி ஆயிடும்." இரண்டு கட்சிக்கும் சண்டை இருந்தாலும் 'மாறும்' என்பதில் மட்டும் ஒற்றுமை!

நான் மூன்றாவது கட்சி. கத்தரியால் முடியின் தன்மை மாறுவதில்லை. முடி இருக்கிற நிலைமைதான் மாறுகிறது. இந்த வித்தியாசம் தெரியாததால் பாதிப் பேர் பயப்படுகிறார்கள், பாதிப் பேர் ஏமாறுகிறார்கள் என்பது என் கருத்து.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். போன வருடம் 30 அங்குல முடியை 11 அங்குலமாக வெட்டிக்கொண்டவள் நான். அதைவிடப் பெரிய தகுதி, நான் உங்களோடு டிப்ளமா படிக்கிறவள். இதற்கான பதில் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இடியாப்ப அச்சும் மயிர்க்காலும்

முடி உயிருள்ள பொருள் அல்ல. உயிர் இருப்பது தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலில் மட்டும்தான். வெளியே தெரிகிற முழு நீளமும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆன நார். நகம், மாட்டுக் கொம்பு, ஆட்டுக் கம்பளி எல்லாம் இதே குடும்பம். நகத்தை வெட்டினால் வலிக்கிறதா? முடியும் அப்படித்தான்.

வீட்டில் இடியாப்பம் பிழிவதை நினைத்துப் பாருங்கள். அச்சில் ஓட்டை எவ்வளவோ அவ்வளவு தடிமனில்தான் மாவு வரும். கீழே தொங்குகிற இடியாப்பத்தைப் பாதியில் கிள்ளி எடுத்தால் அச்சின் ஓட்டை பெரிதாகிவிடுமா? மயிர்க்கால்தான் அச்சு. முடி தடிமனா மெல்லியதா, நேரா சுருளா என்பதை அங்கேதான் தீர்மானிக்கிறார்கள். நுனியில் கத்தரி பட்ட செய்தி அச்சுக்குப் போய்ச் சேர வழியே இல்லை. தந்தி கொடுக்க நரம்பு இல்லை, ரத்தக் குழாயும் இல்லை.

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 செ.மீ. வளரும். என் முடி 30 அங்குலம், அதாவது ஏறக்குறைய 75 செ.மீ. மாதம் 1.25 என்று வைத்தாலும் 60 மாதம். அப்படியானால் நுனியில் இருந்த முடி ஐந்து வருடம் முன்னால், நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது முளைத்தது! ஐந்து வருட வெயில், ஐந்து வருட சீப்பு, ஐந்து வருட போர்வெல் உப்புத் தண்ணீர், ஐந்து வருட ரப்பர் பேண்ட் எல்லாம் அது பார்த்துவிட்டது. இப்போது என் தலையில் இருக்கும் 28 செ.மீ. முடியோ, பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு முளைத்தது மட்டும்தான்.

முடியின் மேல்புறத்தில் செதில்கள் வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்தது போல ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். புது முடியில் ஓடு சரியாக இருக்கும், அதனால் வழவழப்பு. பழைய நுனியில் ஓடு பெயர்ந்துபோய் உள்ளே இருக்கும் நார் பிரிந்துகொள்ளும். நுனி இரண்டாக வெடிப்பது இதனால்தான். வெட்டிய பிறகு முடி மென்மையாக இருக்கிறது என்றால், முடி மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. பழையது போய்விட்டது, புதியது மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

"சரி, வெட்டினதும் என் முடி சுருண்டு மேலே போயிடுச்சே, பொங்கி நிக்குதே, அது எப்படி?" என்று கேட்கிற தோழிகள் உண்டு. நல்ல கேள்வி. இதற்கு ஸ்டிரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் பதில் இருக்கிறது.

முதலில் எடை. ஒரு முடியின் விட்டம் சுமார் 0.07 மி.மீ., கெரட்டினின் அடர்த்தி நீரைப்போல 1.3 மடங்கு. 75 செ.மீ. நீளமுள்ள ஒரு முடியின் எடை சுமார் 3.75 மில்லிகிராம் வரும். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. பெருக்கினால் 375 கிராம்! 28 செ.மீ. முடிக்கு இதே கணக்கு 140 கிராம். எல்லா முடியும் ஒரே நீளம் இருக்காது என்பதால் உண்மை எடை இதைவிடக் குறையும். ஆனாலும் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று புரிகிறதா?

இரண்டாவது ஸ்பிரிங். அலையான முடி, சுருள் முடி எல்லாம் தொங்குகிற ஸ்பிரிங் மாதிரி. சுருள் ஸ்பிரிங்கின் நீட்சி, பாரத்தைப் பொறுத்தும் சுற்றுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தும் கூடும் என்று படித்திருக்கிறோம். தன் எடையாலேயே தொங்குகிற முடியைப் பாதியாக வெட்டினால் பாரம் பாதி, சுற்றும் பாதி. ஆக மொத்த நீட்சி நான்கில் ஒரு பங்கு! அதனால்தான் நீளத்தில் அலையாகத் தெரிந்த முடி குட்டையில் சுருளாகத் தெரிகிறது. சுருள் புதிதாக வரவில்லை. பாரம் இழுத்து மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தது. குச்சி மாதிரி நேராக இருக்கிற முடியை எவ்வளவு வெட்டினாலும் சுருளப் போவதில்லை.

இதில் சென்னைக் காற்றுக்கும் பங்கு உண்டு. ஈரப்பதம் ஏறினால் முடி கொஞ்சம் நீளும், காய்ந்தால் சுருங்கும். இந்தக் குணத்தை வைத்தே 1783-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி சொசூர், மனித முடியைக் கட்டி ஈரப்பதம் அளக்கும் கருவியைப் பற்றி எழுதினார். அந்த வகைக் கருவி பிறகு வானிலை நிலையங்களில் வெகுகாலம் பயன்பட்டது. பெசன்ட் நகர் கடற்கரையில் சாயங்காலம் போய் நின்றால் முடி பொங்குவது இதே விஞ்ஞானம்தான். கீழே இழுக்கப் பாரமில்லாத குட்டை முடி இன்னும் கூடுதலாகப் பொங்கும்.

மூன்றாவது எண்ணெய்ப் பசை. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் 75 செ.மீ. தூரம் நடந்து நுனிக்குப் போய்ச் சேராது. அதனால் நீள முடிக்கு வேரில் பிசுக்கு, நுனியில் வறட்சி. குட்டை முடியில் தூரம் குறைவு, அதனால் சீக்கிரம் பிசுபிசுக்கும். உடனே "முடி வெட்டினதுல தலை எண்ணெய் வழியுது" என்கிறோம். சுரக்கிற அளவு அதேதான்!

நான்காவது நுனியின் வடிவம். வெட்டுப்படாமல் வளரும் முடியின் நுனி பென்சில் சீவினது போலக் கூம்பும். மழித்த முடி மட்டமான நுனியோடு வெளியே வரும். அதனால் கை வைத்தால் குத்தும், பார்க்கத் தடிமனாகத் தெரியும். மீசை மழிக்கத் தொடங்கியிருக்கும் முதலாமாண்டுத் தம்பிகளும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928-லேயே ஆராய்ந்து, மழிப்பதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறவில்லை என்று எழுதிவிட்டார். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகிறது, நாம் இன்னும் பழைய வழக்கையே பேசிக்கொண்டிருக்கிறோம்!

குழந்தைக்கு மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்பதும் இப்படித்தான். குழந்தை வளர வளர மென்முடி போய் முதிர்ந்த முடி தானாகவே வரும். மொட்டை போடுங்கள், வேண்டுதல் இருந்தால் நிறைவேற்றுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பெருமையைக் கத்திக்குக் கொடுக்காதீர்கள்.

சாட்சி சொல்லும் சவுரி

சாட்சி வேண்டும் என்கிறவர்கள் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கமோ தி. நகர் ரங்கநாதன் தெருப் பக்கமோ போய் சவுரி விற்கும் கடையைப் பாருங்கள். பரதநாட்டியம் ஆடுகிறவர்களும் மணப்பெண்களும் ஜடை வைக்க வாங்குகிறார்களே, அது. அசல் முடியில் செய்த சவுரி யாரோ ஒருவர் தலையிலிருந்து எப்போதோ வெட்டியது. அலை முடி இன்னும் அலையாகவே இருக்கிறது, நேர் முடி நேராகவே இருக்கிறது. தலையை விட்டே பிரிந்த பிறகும் மாறாத தன்மை, தலையோடு இருக்கும்போது வெட்டினால் மட்டும் எப்படி மாறும்?

நானும் ஒரு சோதனை செய்தேன். முதலாமாண்டு பிசிக்ஸ் லேபில் கம்பியின் தடிமன் அளந்தோமே, அதே ஸ்க்ரூ கேஜ். வெட்டின ஜடையிலிருந்து ஒரு முடியை வைத்தேன். மேல் பக்கம் 0.07 மி.மீ., தேய்ந்த நுனியில் 0.06. ஆறு மாதம் கழித்து சீப்பில் வந்த முடியில் வேர்ப் பக்கம் அளந்தேன். அதே 0.07! ஒரு தலையை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் கேட்டதை நம்புவதைவிட அளந்து பார்ப்பது மேல் என்றுதானே நம்மை இங்கே சேர்த்திருக்கிறார்கள்?

எது மாற்றும்?

அப்படியானால் முடியின் தன்மை மாறவே மாறாதா? மாறும். ஆனால் கத்தரியால் இல்லை.

ஒன்று, ரசாயனம். கெரட்டினுக்கு உறுதி கொடுப்பது கந்தகப் பிணைப்புகள். அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தோல் பதனிடுகிறவர்கள் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு ஆட்டுத் தோலிலிருந்து ரோமத்தைக் கரைப்பது இந்தப் பிணைப்பை உடைத்துத்தான். அழகு நிலையங்களில் முடியை நிரந்தரமாக நேராக்கும் பல மருந்துகளும், நிரந்தரமாகச் சுருளாக்கும் மருந்துகளும் கை வைப்பது இதே பிணைப்பில்தான். அங்கே முடி நிஜமாகவே மாறுகிறது, கூடவே பலமும் குறைகிறது. அதுவும் மருந்து பட்ட முடி மட்டும். வேரிலிருந்து வருவது பழையபடிதான் வரும். "கட் பண்ணினதால ரஃப் ஆயிடுச்சு, ஸ்மூத்தனிங் பண்ணிக்கோங்க" என்று யாராவது சொன்னால் நீங்களே யோசியுங்கள். மாறாத ஒன்றைச் சரி செய்வதற்கு ஆயிரக்கணக்கில் செலவு!

இரண்டு, வேரையே தொடுவது. வயசு, ஹார்மோன், நோய், மருந்து. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு எல்லா ஊரிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் மயிர்க்காலைப் பாதிப்பதால் முடி கொட்டிவிடும். சிகிச்சை முடிந்து திரும்ப முளைக்கும்போது சிலருக்கு முன்பு இல்லாத சுருள் வரும். அச்சையே தொட்டால்தான் இடியாப்பம் மாறும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பட்டறையில் முடி

இனி நம் வளாகத்து விஷயம். பட்டறைக்கு வரும் பெண்களைப் பார்த்து "முடியை வெட்டிட்டு வாங்க, அதான் சேஃப்டி" என்று சில பேர் சொல்வதுண்டு. ஆபத்து உண்மைதான். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இரவில் தனியாக லேத்தில் வேலை செய்த மாணவி ஒருவர், முடி மிஷினில் சிக்கி உயிரிழந்தார். விளையாட்டுப் பேச்சில்லை.

கணக்குப் பாருங்கள். 40 மி.மீ. விட்டமுள்ள கம்பி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால், நொடிக்குச் சுமார் 63 செ.மீ. நீளத்தைச் சுருட்டும். 75 செ.மீ. முடியை முழுக்க இழுக்க ஒன்றேகால் நொடி கூட ஆகாது. கை சுவிட்சுக்குப் போவதற்குள் கதை முடிந்துவிடும். ஆனால் இதையும் கவனியுங்கள்: என்னுடைய 28 செ.மீ. முடிக்கு அரை நொடி போதும்! அவிழ்ந்து தொங்கினால் குட்டை முடியும் ஆபத்தே. இறுக்கிக் கொண்டை போட்டுத் தொப்பிக்குள் அடக்கினால் முழங்கால் வரை உள்ள முடியும் பத்திரமே. துப்பட்டா, ஐடி கார்டு கயிறு, தொளதொள சட்டைக் கை எல்லாவற்றுக்கும் இதே சட்டம். தோள் வரை முடி வளர்த்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள் பலர் நடிகை வெரோனிகா லேக் போல ஒரு கண்ணை மறைத்து முடியைத் தொங்கவிட்டு மிஷின் ஓட்டினார்கள். விபத்துக்குப் பயந்து அரசாங்கம் கேட்டுக்கொள்ள, 1943-ல் அந்த நடிகையே முடியை ஏற்றிக் கட்டிக் காட்டினார். வெட்டவில்லை, கட்டினார்! விதி போட வேண்டியது முடியின் நீளத்துக்கு இல்லை, முடியைக் கட்டும் முறைக்கு.

கடைசியாக...

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை முதலில் மிதித்தவள் நான். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா மயிலாப்பூரில் பூ கட்டி விற்கிறார்கள். முடி வெட்டப் போகிறேன் என்றதும் அம்மா சொன்னது, "பட்டு மாதிரி முடிடீ. வெட்டினா முரடாப் பூடும், அப்புறம் எத்தினி வருஷம் ஆனாலும் வராது." ஆயா ஒரு படி மேலே போனது: "பூக்காரி பொண்ணே ஜடைய வெட்டிக்கினா ஊரு எப்படிடீ பூ வாங்கும்?"

சிரிப்பு வந்தாலும் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஊரில் ஜடை இருக்கும் வரைதான் முழம் கணக்கில் பூ விற்கும், எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். அம்மாவின் பயம் முடி முரடாவது பற்றியா? இல்லை. படிக்கப் போன பொண்ணு கையை விட்டுப் போய்விடுவாளோ, நாலு பேர் என்ன சொல்வார்கள், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன கேட்பார்கள் என்கிற பயம். அதை நேராகச் சொல்ல முடியாமல் முடியின் மேல் வைத்துச் சொன்னார்கள். ஸ்க்ரூ கேஜ் அளவைக் காட்டி முடியைப் பற்றிய பயத்தைத் தீர்த்தேன். மற்ற பயத்தை ஒவ்வொரு செமஸ்டர் மார்க் ஷீட்டாகக் காட்டித் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெண்ணின் தலைமுடியைப் பற்றி அடுத்தவர் முடிவெடுப்பது நம் நாட்டில் புதிதல்ல. கணவனை இழந்த சின்னப் பெண்ணின் தலையை, அவள் சம்மதம் கேட்காமலே மழித்த காலம் இதே சென்னையில் இருந்தது. அந்தக் காலத்தில்தான் குழந்தை விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911-ல் பி.ஏ. பட்டம் வாங்கினார். கடற்கரை ஐஸ் ஹவுஸில் விடுதி நடத்தி இளம் விதவைகளைப் படிக்க வைத்தார். 1956-ல் மயிலாப்பூரில் தொடங்கிய வித்யா மந்திர் பள்ளியிலும் அவர் உழைப்பு இருக்கிறது. அன்று வெட்டச் சொல்லிக் கட்டாயம், இன்று வெட்டாதே என்று கட்டாயம். திசைதான் வேறு, கட்டாயம் ஒன்றே.

அதனால் எல்லாரும் முடியை வெட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நீள முடி அழகு; எண்ணெய் வைத்துப் பின்னி, அம்மா கட்டிய மல்லிகையை வைத்துக்கொண்டு வரும் தோழியைப் பார்த்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. வளர்க்கிறவள் ஆசைப்பட்டு வளர்க்கட்டும். வெட்டுகிறவள் யோசித்து வெட்டட்டும். நேரம் மிச்சம், தண்ணீர் மிச்சம், தலைபாரம் குறைவு, புற்றுநோயாளிகளின் விக்குக்குக் கொடுக்க ஆசை, இல்லை சும்மா பிடித்திருக்கிறது... எந்தக் காரணமும் நல்ல காரணம்தான். 'தன்மை மாறிவிடும்' என்பது மட்டும் காரணமே இல்லை, பயத்துக்கும் சரி, விளம்பரத்துக்கும் சரி.

நம் மாணவர் பேரவைக்கு இரண்டு வேண்டுகோள். பட்டறைக்கு வரும் ஒவ்வொருவருக்கும், ஆண் பெண் பேதமில்லாமல், தலைக்குத் தொப்பி கிடைக்கப் பேரவை முயற்சி எடுக்க வேண்டும். முடி வெட்டிக்கொண்டு வருகிற பெண்ணை 'தம்பி' என்று கூப்பிடுவதையும், ஜடை பின்னி வருகிறவளை 'பட்டிக்காடு' என்று கூப்பிடுவதையும் இந்த வருடத்தோடு நிறுத்த வேண்டும். அச்சு அவரவர் தலைக்குள் இருக்கிறது, நண்பர்களே. கத்தரியும் அவரவர் கையிலேயே இருக்கட்டும்!